ஒரு சாணுக்கு அப்பால்

பூச்சிகளைப் படம் எடுக்கக் கற்றுத் தருகிறவர் பூங்கோதை. அவருடைய சீடர் சென்னியப்பனுக்கு அவரைவிடப் பதினைந்து வயது கூடுதல். காலையிலிருந்து பூவரச மரத்தடியில் குப்புறப் படுத்து ஒரு கட்டெறும்போடு மல்லுக்கட்டியதில் இரண்டு பேருக்கும் முதுகு விட்டுப்போயிருந்தது. எறும்புக்கு மட்டும் அலுப்பே இல்லை.

"அம்மிணி, இன்னும் தெளிவா வரலீங்க. இதைவிடப் பெரிய நம்பர் ஒண்ணு வாங்கிப் போடட்டுமா?"

பூங்கோதை கேமராவை வாங்கிப் பார்த்தார். குளோஸ்-அப் லென்ஸ் என்பது கேமராவின் லென்ஸுக்கு முன்னால் திருகி மாட்டுகிற வட்டக் கண்ணாடி. நம்பர் ஏற ஏறப் பூச்சிக்குக் கிட்டே போகலாம். சென்னியப்பன் ஆசைப்பட்டு மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டியிருந்தார்.

"மூணையும் போட்டு மூக்குல இடிக்கிற அளவுக்குப் போனா உங்க நிழல்தான் எறும்பு மேல விழும். ஓரமெல்லாம் கலங்கும். ஒண்ணு போதுங்கண்ணா."

இரண்டைக் கழற்றிக் கொடுத்தார். சென்னியப்பன் மறுபடி படுத்தார். ஆனால் எறும்பைப் பார்க்கவில்லை.

"சோறாக்க வேண்டாம்னு ஏனுங்க சொன்னான்?"

"காலையில இருந்து இதையேதான் கேக்கறீங்க." பூங்கோதைக்குச் சலித்துப்போயிருந்தது.

மகன் மகுடேசுவரனோடு சென்னியப்பனுக்கு இரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை. நேற்று அவனிடமிருந்து போன் வந்தது. 'நாளைக்கு வர்றேன். சோறாக்க வேண்டாம்.' அவ்வளவுதான் பேசினான்.

"என்ற வீட்டுச் சோறு அவனுக்கு ஆகாதாமா? அந்த வேண்டாமை எப்படிச் சொன்னான் தெரியுங்களா? வெடுக்குனு. சொல்றதுக்கு முன்னாடி ஒரு மூச்சு விட்டான். அது என்ன மூச்சுங்க?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"வீட்டைப் பூட்டிட்டு வந்துட்டேன். பூட்டைப் பார்த்துட்டுப் போகட்டும். இனி அவன் இந்தப் பக்கம் வரவே மாட்டான், எனக்குத் தெரியும்." கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது.

பூங்கோதை பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தார்.

வாய்க்கால் மேட்டில் யாரோ நடந்து போனார்கள். பஸ் நிறுத்தத்துக்குப் போகிற வழி அது. படம் எடுக்க இடைஞ்சல் என்று சென்னியப்பன் மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறவர். எட்ட இருப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் கேமராவைத்தான் தூக்குவார். தூக்கினார். வளையத்தை இந்தப் பக்கம் திருகினார், அந்தப் பக்கம் திருகினார்.

"ஒண்ணுமே தெரியலீங்க. வெள்ளையா என்னமோ அசையுது. கேமரா கெட்டுப்போச்சாட்ட இருக்குது."

"கேமரா நல்லாத்தான் இருக்குது. முன்னாடி அதை மாட்டிக்கிட்டுப் பார்த்தா ஒரு சாணுக்கு அப்பால எதுவும் தெரியாது. கழட்டுங்க."

கழற்றிவிட்டுப் பார்த்தார்.

மகுடேசுவரன். வேர்வையில் சட்டை நனைந்து, தோள் தொங்கிப்போய் நடந்துகொண்டிருந்தான். இந்த இரண்டு வருஷத்தில் காதோரம் நரைத்துவிட்டது. கையில் ஒரு தூக்குப்போசி. மூடி நழுவாமல் துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தான்.

"சோறு கொண்டாந்திருக்கான்," என்றார் சென்னியப்பன். "எனக்குச் சோறு கொண்டாந்திருக்கானுங்க, அம்மிணி. பூட்டைப் பார்த்துட்டுத் திரும்பிப் போறான்."

"கூப்பிடுங்க."

சென்னியப்பன் கேமராவைக் கீழே வைத்தார். பிறகு மரத்திலிருந்த காக்காய்களெல்லாம் கிளம்புகிற மாதிரி ஒரு கத்து கத்தினார். மேட்டில் போனவன் நின்றான்.

சென்னியப்பன் ஓடினார். நாலு எட்டு வைத்தவர், கழற்றிக் கையிலேயே வைத்திருந்த அந்த லென்ஸைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"இதை என்ன பண்றதுங்க?"

"பையில போடுங்கண்ணா. அது எறும்புக்கு."