கூப்பிடாத கல்யாணம்

ஊரையெல்லாம் சிரிக்க வைத்த திருமலைச்சாமியின் வீட்டில் இப்போது டிவி மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தது. இருநூறு படங்களில் கதாநாயகனிடம் அறை வாங்கியவர் அவர். இன்று அறைவதற்குக்கூட யாரும் கூப்பிடுவதில்லை.

வெகுகாலம் கழித்து ஒரு மேடை வந்தது. தனியாக நின்று இருபது நிமிடம் சிரிக்க வைக்க வேண்டும். குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் முதலில் பேசிப் பார்த்தார். ஒரு பல்லும் தெரியவில்லை. மறுநாள் நிகழ்ச்சி. அதிலும் விழுந்தால் பிறகு எழுந்திருக்க முடியாது.

வளசரவாக்கத்துக்கு ஆட்டோ பிடித்தார். நாடகக் கம்பெனியில் அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த தனபாக்கியம் அங்கே இருந்தார். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, சிரிக்க மாட்டேங்கிறாங்க."

"பேசு, பாப்போம்."

பேசினார். எல்லாம் செந்தூரனைப் பற்றியது. ஒரு காலத்தில் இருவரும் ஜோடியாக மேடை ஏறியவர்கள். செந்தூரன் சினிமாவில் பெரிய ஆளாகிவிட்டான். அவன் நடை, அவன் தொப்பை, அவன் விக் எல்லாவற்றையும் திருமலைச்சாமி நடித்துக் காட்டினார். ஒரு ஜோக் முடியுமுன் அதற்கு விளக்கம். விளக்கம் முடியுமுன் அடுத்த ஜோக்.

ஓரிடத்தில் தனபாக்கியத்தின் உதடு விரிந்தது. சிரிப்பு வெளியே வருவதற்குள் திருமலைச்சாமி அடுத்ததை ஆரம்பித்துவிட்டார். உதடு மூடிக்கொண்டது.

"எப்படிக்கா?"

"செந்தூரன் மேல உனக்கு என்னடா கோபம்?"

"கோபமா? வயிறு எரியுதுக்கா. மக கல்யாணத்துக்கு லைட்மேன் வரைக்கும் கூப்பிட்டான். என்னைக் கூப்பிடல. சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்."

"அதுக்கு முன்னாடி உன் வீட்டுக்கு வந்தான்ல?"

"வந்தான். பொண்டாட்டி கோமளாவோட, புதுக் கார்ல. பவுசு காட்ட வந்தவனை விடுவேனா? 'என்ன ஸ்டார், ஷூட்டிங்குக்கு வீடு பாக்க வந்தீங்களா'ன்னு வாசல்லயே ஆரம்பிச்சேன். ஒரு மணி நேரம் வச்சு செஞ்சேன்க்கா!"

"அவன் என்ன சொன்னான்?"

"ரெண்டு தடவ வாயைத் திறந்தான். மூட வச்சுட்டேன்."

"கோமளா?"

"அது மடியில பையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சு. அதையும் விடல. 'பையில என்ன, புருஷனோட பழைய சட்டையா எனக்கு?'ன்னேன். ரெண்டு பேரும் எந்திரிச்சுப் போயிட்டாங்க. காபிகூடக் குடிக்கல. அவ்வளவு திமிரு."

தனபாக்கியம் கத்தியைக் கீழே வைத்தார்.

"பையில தாம்பாளம் இருந்துச்சுடா. வெத்தலை பாக்கு, குங்குமம், கல்யாணப் பத்திரிகை. 'மத்தவங்களுக்கு அப்புறம், முதல்ல திருமலைக்கு வச்சுட்டு வந்துருவோம்'னு அவளைக் கூட்டிட்டு வந்திருக்கான். கோமளா கல்யாண மண்டபத்துல என் தோள்ல சாஞ்சு அழுதா."

திருமலைச்சாமி எதையோ சொல்ல வாயெடுத்தார். பழக்கத்தில் ஒரு ஜோக்தான் வந்தது. அதை விழுங்கினார்.

"நீங்களாவது சொல்லியிருக்கலாமேக்கா."

"நீ இங்க வர்றப்பல்லாம் சொல்ல ஆரம்பிச்சேன்."

தெருவில் காய்கறி வண்டி ஒன்று கூவிக்கொண்டு போனது. தனபாக்கியம் மறுபடி கத்தியை எடுத்தார்.

"நாளைக்கு மேடையில நான் என்னக்கா பண்ணட்டும்?"

"ஒண்ணைச் சொல்லிட்டு நிறுத்து. அதுக்கப்புறம் இருக்கிற இடம் அவங்களோடது. அங்கயும் நீயே போய் உக்காந்துக்கிட்டா, வந்தவங்க எங்கடா உக்காருவாங்க?"