புகை போகாத முடுக்கு

காய்ச்சல் எந்தத் தெருவில் கிளம்பி எந்தத் தெருவுக்குப் போகும் என்பதைக் கணக்கு வைத்தே சொல்லிவிடுவார் டாக்டர் மங்கையர்க்கரசி என்று எங்கள் வட்டாரத்தில் பேச்சு. அந்த வித்தையைக் கற்க அவரிடம் போய்ச் சேர்ந்தவர் நகராட்சி சுகாதார அலுவலர் அருமைநாயகம். குருவுக்கு நாற்பது வயது. சீடருக்கோ ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலந்தான். அந்த வயதில் கற்க வெட்கப்படாத மனிதர். அதற்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

அது டெங்குக் காலம். ஆஸ்பத்திரியில் கட்டிலுக்கு இரண்டு பிள்ளைகள் படுத்துக் கிடந்தார்கள். மறுநாள் நகர்மன்றக் கூட்டம். இருக்கும் பணம் ஒரு காரியத்துக்குத்தான் காணும். கொசுப்புகை மெஷின்கள் வாங்குவதா, பிள்ளைகளுக்குக் கட்டிலும் நர்சுகளும் ஏற்பாடு செய்வதா என்று நாயகம்தான் சொல்ல வேண்டும்.

அவர் ஊர் வரைபடத்தை டாக்டரின் மேஜையில் விரித்தார்.

“சந்தேகமே இல்ல மேடம். நம்மகிட்ட இருக்கது ஒரே மெஷின். அது வாராவாரம் போற மேல்பாதி பூரா பச்சை, காய்ச்சல் கம்மி. போகாத கீழ்ப்பாதி பூரா சிவப்பு. மெஷின்தான் வாங்கணும்.”

“நோயாளிங்களை மட்டும் எண்ணினீங்களா, வீடுகளையும் எண்ணினீங்களா?”

“நூறு வீட்டுக்கு எத்தனை பேருன்னுதான் போட்டிருக்கேன்.”

“தண்ணி?”

“ரெண்டு பக்கமும் ஒரே டேங்க்.”

“அருமையாப் போட்டிருக்கீங்க சார்” என்றார் டாக்டர். சீடருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

டாக்டரின் விரல் வரைபடத்தின் மேல் ஊர்ந்துபோய் ஓரிடத்தில் நின்றது.

“இந்தப் பொடிசு என்ன?”

“வாகைமர முடுக்கு மேடம். ரொம்பக் குறுகல். வண்டி நுழையாது.”

“புகையும் போகாதா?”

“முடுக்கு வாசலோட சரி.”

“அப்புறம் ஏன் பச்சையா இருக்கு?”

நாயகம் தலையைச் சொறிந்தார். “நூத்துல ஒண்ணு அப்படித்தான் வரும். எண்ணினவங்க தப்பா எண்ணியிருப்பாங்க. அழிச்சிருவோமா?”

“மெஷின் இன்னிக்குத்தானே அந்தப் பக்கம் வருது? செருப்பை மாட்டுங்க.”

இருவரும் வெயில் தாழ முடுக்குக்குள் போய் நின்றார்கள். ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும் வீடுகள். வாசலெல்லாம் டிரம், குடம், அண்டா. எல்லாவற்றிலும் தண்ணீர். எதற்கும் மூடி இல்லை. நாயகம் ஒரு டிரம்முக்குள் எட்டிப் பார்த்தார். கொசுப்புழுக்கள் தலைகீழாகக் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டிருந்தன.

“பார்த்தீங்களா மேடம்! இங்க காய்ச்சல் இல்லாம இருக்குமா? நான் சொல்லலை, எண்ணினது தப்புன்னு!”

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

பெரிய தெருவின் கோடியில் மெஷின் உறுமியது.

அவ்வளவுதான். முடுக்கே குதித்து எழுந்தது.

“ஏட்டி, புகைவண்டி வந்துட்டு! குடத்தை உள்ள தூக்கு!”

“அண்டாவைக் கவுத்துட்டி! மருந்து விழுந்தா நாறிப்போவும்!”

வீட்டுக்கு வீடு பெண்கள் பாய்ந்து வந்தார்கள். குடிக்கிற குடம் உள்ளே போனது. மற்றதெல்லாம் வாசலில் கொட்டியது. டிரம்கள் உருண்டன, அண்டாக்கள் குப்புற விழுந்தன. தண்ணீர் சாக்கடைப் பக்கம் ஓடியது. ஒரு பாட்டம் நாயகத்தின் பேண்டிலும் ஓடியது. கடைசி வீட்டுப் பேச்சியம்மாள் தன் டிரம்மைச் சாய்த்து, பூந்துடைப்பத்தால் உள்ளே இரண்டு தேய் தேய்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

மெஷின் முடுக்கு வாசலைத் தாண்டியது. காற்று எதிர்ப்பக்கம். ஒரு பொட்டுப் புகைகூட உள்ளே வரவில்லை.

“யம்மா, இங்கதான் புகையே வரலியே. ஏன் கொட்டுனீங்க?” என்று கேட்டார் நாயகம்.

“காத்து திரும்பிட்டுன்னா? நீங்களா வந்து தண்ணி பிடிச்சுத் தருவீங்க?” என்றாள் பேச்சியம்மாள்.

முடுக்கே சிரித்தது. டாக்டரும் வாய்விட்டுச் சிரித்தார்.

நாயகம் ஈரத் தரையைக் குனிந்து பார்த்தார். சற்று முன் குட்டிக்கரணம் போட்ட புழுக்கள் மண்ணில் நெளிந்துகொண்டிருந்தன. பேச்சியம்மாள் வீட்டுக் கோழி வந்து ஒவ்வொன்றாகக் கொத்தியது.

“வாரா வாரமா மேடம்?” என்று மெல்லக் கேட்டார்.

“வாரா வாரம். புழு கொசுவாகிப் பறக்கிறதுக்குள்ள கொட்டிடுறாங்க.”

“மேல்பாதி முழுக்கவுமா?”

“சத்தம் கேக்குற தூரம் வரைக்கும்.”

“நான் எப்பவும் மெஷினுக்குப் பின்னாலதான் வருவேன். வரும்போது எல்லாத் தெருவும் காலியா, சுத்தமா இருக்கும். நம்ம ஜனங்க எவ்வளவு பொறுப்புன்னு நினைச்சுக்குவேன்.”

டாக்டர் தலையாட்டினார்.

நாயகம் லேசில் விடுகிற ஆள் இல்லை. “ஆனா மேடம், கீழ்ப்பாதிக்கும் மெஷின் வாங்கி விட்டா அங்கயும் கொட்டுவாங்கல்ல? அப்பவும் காய்ச்சல் குறையும்தானே?”

“குறையும். நல்ல கேள்வி” என்றார் டாக்டர். “ஆனா சார், வெறும் சத்தத்துக்கா பிள்ளைங்க கட்டிலை விக்கணும்?”

நாயகம் நனைந்த பேண்டை உதறினார். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கீழ்ப்பாதியில் வீடு வீடாகப் போய் வாரம் ஒருநாள் பாத்திரத்தைக் கவிழ்க்கச் சொல்ல எத்தனை ஆள் வேண்டும், யார் யாரைக் கூப்பிடலாம் என்று அங்கேயே விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். பாதியில் விரல் நின்றது. முகம் வாடிவிட்டது.

“என்ன சார்?”

“போன கூட்டத்துல மெஷின் வேணும், மெஷின் வேணும்னு மேஜையைத் தட்டினது நான்தான் மேடம். நாளைக்கு அதே வாயால வேண்டாம்னு சொன்னா சிரிக்க மாட்டாங்களா? என்ன ஆச்சுன்னு கேட்டா என்ன சொல்லுவேன்?”

டாக்டர் நனைந்த சேலைக் கரையைப் பிழிந்துகொண்டே சொன்னார்:

“இத்தனை நாளும் மெஷினுக்குப் பின்னால வந்தேன், நேத்துதான் முன்னால போய் நின்னேன்னு சொல்லுங்க.”