ஜமீன்தாரின் கனத்த துப்பாக்கி

மேலக்கரை ஜமீன்தாரிடம் இரண்டு துப்பாக்கிகள் இருந்தன. ஒன்று பெரிய குழாயுள்ள கனமானது, மற்றது சின்னக் குழாயுள்ள லேசானது. கனமானதை வைத்துத்தான் கிளப் போட்டியில் வானத்தில் வீசும் மண் தட்டுகளைச் சுட்டுக் கோப்பை வாங்கியிருந்தார். அங்கே துப்பாக்கியைத் தோளில் வைத்துக்கொண்டு "விடு" என்றால்தான் தட்டையே வீசுவார்கள். கனம் சுடும்போது வரும் உதையைத் தாங்கும், குறியும் அலையாது.

அதையே கௌதாரி வேட்டைக்கும் எடுத்து வந்தார். சுமந்தவன் வேலையாள் மாசானம். கௌதாரி எழும்பியதும் அவன் நீட்டுவான். அவர் வாங்கிச் சுடுவதற்குள் அது ஓடையைத் தாண்டிவிடும்.

"ஏல, நீ மெதுவா நீட்டுறதாலதான் தப்புது," என்று கூட வந்திருந்த மைத்துனரின் முன்னால் ஜமீன்தார் கத்தினார். "நாளைக்கும் வெறுங்கையோட திரும்பினா உன் வேலை போச்சு."

மாசானத்துக்கு வேறு பிழைப்பு இல்லை. "அப்படின்னா நாளைக்குப் பெரியதை எசமானே தோள்ல வச்சுக்கிடுங்க. சின்னதை நான் கொண்டாரேன்," என்றான்.

மறுநாள் உழவுக்காட்டில் மூன்று மைல் நடந்தார்கள். காலடியிலிருந்து கௌதாரி எழும்பியது. ஜமீன்தாரின் கை பாதி உயரத்திலேயே நின்றுவிட்டது.

"இதுக்குள்ள என்னத்தல போட்டு வச்ச? நேத்தைக்கு இவ்வளவு கனம் இல்லையே!"

"நேத்தைக்கும் இதே கனந்தான் எசமான். நேத்தைக்கு என் தோள்ல இருந்துச்சு."

மைத்துனர் வாய்விட்டுச் சிரித்தார். ஜமீன்தார் சின்னத் துப்பாக்கிக்குக் கையை நீட்டினார். மத்தியானத்துக்குள் நான்கு கௌதாரிகள் விழுந்தன. மாசானத்தின் வேலை போகவில்லை. கனமானதை வீடுவரை தூக்கி வர ஆள் வேண்டுமே.