சுவரில் ஒட்டிய உப்பளவு

குன்றடி மடத்து அடுக்களைச் சுவரில் ஒரு தாள் உண்டு. ஒருவருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு அரிசி, பருப்பு, உப்பு என்று மடத்தின் குரு தெய்வானை அம்மை தன் கையால் எழுதி ஒட்டியது. அங்கே சாமியைக்கூடச் சந்தேகப்படுவார்கள், அந்தத் தாளைச் சந்தேகப்பட மாட்டார்கள்.

சமையலைக் கவனிக்கும் சீடர் கோமதிநாயகம் குருவைவிட ஆறு வயது மூத்தவர். அன்று காலை அம்மை அடுக்களைக்கு வந்ததும் அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"உப்பு கூடுதலா இருக்கும்மா."

"நேத்துக் குழம்புலயா?"

"தாள்ல."

பாத்திரம் துலக்குபவர்கள் கையை நிறுத்தினார்கள்.

"சொல்லுங்க, நாயகம்."

"போன வருஷம் நம்ம மடத்துச் சிவஞானம் பக்கவாதத்துல விழுந்தப்போ டாக்டர் உப்பைப் பத்தித்தான் கேட்டார். அப்புறம் ஆராய்ச்சிக் கட்டுரைங்களைத் தேடிப் படிச்சேன். ஒண்ணு ரெண்டு இல்லம்மா, நாப்பது. நம்ம ஆளுங்க ரத்த அழுத்தத்தையும் ஒரு வருஷமா குறிச்சு வச்சிருக்கேன். எல்லாம் ஒண்ணைத்தான் சொல்லுது. நீங்க எழுதினப்போ எல்லாரும் வெயில்ல வேர்க்க வேர்க்கக் கல் உடைச்சாங்க. இப்ப உட்கார்ந்து படிக்கிறோம்."

"ஒரு வருஷமா ஏன் சொல்லல?"

"பயம். நீங்க எழுதினதாச்சே." அவர் குரல் இறங்கியது. "போன வாரம் நம்ம சொக்கநாதனுக்கும் தலை சுத்துச்சு. இனிமேலும் வாயை மூடிக்கிட்டிருந்தா அவரும் விழுந்துடுவார்."

அம்மை சுவரருகே போனார். தாளின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்துச் சுரண்டினார். அது லேசில் வரவில்லை. நகம் கிழிந்து ரத்தம் கசிந்தது. கடைசியில் தாள் துண்டு துண்டாகப் பெயர்ந்து வந்தது.

அடியில் இன்னொரு தாள், வேறு கையெழுத்தில்.

"என் குரு எழுதினது. அவர் இருக்கும்போதே இதுமேல என் தாளை ஒட்டினேன். அன்னைக்கு எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு."

நாயகம் குனிந்து கீழே விழுந்த துண்டுகளைப் பொறுக்கினார்.

"சிவஞானம் விழுந்தது என் தாளாலதான்," என்றார் அம்மை.

பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவரிடம் நீட்டினார். நாயகம் அரிசி எழுதினார், பருப்பு எழுதினார். உப்புக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

"நாளைக்கு இதுவும் தப்புன்னு தெரிஞ்சா? என் தாளால ஒருத்தர் விழுந்தா?"

"விழலாம்."

நாயகம் படித்ததை எல்லாம் மனதில் இன்னொரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, உப்பின் அளவை எழுதி முடித்தார்.

அம்மை ரத்தம் கசிந்த விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு பசைக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினார்.

"கொஞ்சமா தடவுங்க."