இன்னும் ஒரு டப்பா பொன்

கடலுக்கு என்ன வயது, கதைக்கு என்ன வயது, யார் கண்டது? அப்படி வயது தெரியாத ஒரு காலத்தில், கடலோரத்தில் ஓர் ஊர் இருந்ததாம். அந்த ஊரில் படகுகளுக்கு வர்ணம் பூசுகிற கித்தேரியான் என்று ஒருவர்.

அந்த வருஷத் திருவிழாவில் மாதா சிலையை வைத்துத் தோளில் தூக்கிவரும் சப்பரத்தை அலங்கரிக்கிற வேலை அவருக்கு வந்தது. அதுதான் அவருக்கு முதல் சப்பரம்.

"படகு பூசுற கைக்குச் சப்பரம் கேக்குதோ?" என்று ஊரில் சிரித்தார்கள்.

திருவிழாத் தலைவர் லூர்தையா சிரிக்கவில்லை. "திருவிழா அன்னிக்கு மத்தியானம் வந்து பார்ப்பேன். சரியில்லைன்னா பக்கத்து ஊர்ச் சப்பரத்தை இரவல் வாங்கிடுவேன்" என்றார்.

கித்தேரியானுக்குச் சப்பர வேலை சொல்லிக்கொடுத்தவள் ரெஜினாள். அவரைவிட ரொம்ப இளையவள். அவரை அண்ணே என்பாள். அவர் அவளைத் தங்கச்சி என்பார். ஆனாலும் அவளிடம் வாங்க, போங்கதான்.

திருவிழா அன்று விடிந்ததும் அவளிடம் ஓடிவந்தார்.

"தங்கச்சி, இன்னும் ஒரு டப்பா பொன் வர்ணம் வேணும்."

"எங்கே குறையுது?"

"அதுதான் தெரியலை. தூணுக்குப் பொன் பூசினா வளைவு மங்குது. வளைவுக்குப் பூசினா பூங்கொடி மங்குது. நீலத்தைக் கூட்டினா வெள்ளை அழுக்காத் தெரியுது. படுத்தாலும் கை பிரஷ்ஷைத் தேடுது."

அவள் பொன் தரவில்லை. அவரோடு கோயிலுக்குள் நடந்தாள்.

"ஒரு கை பிடிங்க அண்ணே."

இருவருமாக மாதா சுரூபத்தைத் தூக்கிவந்து, வாசலில் நின்ற சப்பரத்தின் மாடத்தில் நிறுத்தினார்கள். வெள்ளை அங்கி. நீலப் போர்வை. தலையில் பொன் முடி.

கொடிமரம் வரை அவரைக் கூட்டிப்போனாள்.

"திரும்பிப் பாருங்க. என்ன தெரியுது?"

"சப்பரம்."

"மாதா?"

அவர் கண்ணைச் சுருக்கினார். மாடத்தின் நீலப் பலகையில் நீலப் போர்வை கரைந்திருந்தது. பொன் கொடிகளுக்கு நடுவே பொன் முடியும் ஒரு பூவாகியிருந்தது.

"அங்கேதானே வச்சோம்" என்றார், மெதுவாக.

அவள் பலகையின் நீலத்தைக் கைகாட்டினாள்.

"மாதாவோட நிறம்னுதானே தங்கச்சி பூசினேன்?"

"கல்யாணப் பொண்ணு கட்டின சேலையையே பந்தலுக்கும் கட்டுவீங்களா அண்ணே?"

அவர் இங்கும் அங்குமாக நடந்தார்.

"அழிச்சிட்டா, நான் பட்ட பாடு யாருக்குத் தெரியும்? லூர்தையா அண்ணாச்சி வந்து எதைப் பார்ப்பார்?"

அவள் ஒரு வெள்ளை வர்ண டப்பாவை அவர் கையில் வைத்தாள். வீட்டுக்குப் போய்விட்டாள்.

கித்தேரியான் சப்பரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். உட்கார்ந்தார். எழுந்தார். டப்பாவைத் திறந்தார், மூடினார்.

பிறகு சுரூபத்தைத் துணியால் மூடிவிட்டு, முதல் கொடியின் மேல் வெள்ளையை இழுத்தார். ஆசையாகப் போட்ட பூ அது.

மாடம் வெள்ளையானது. முடிக்குப் பின்னால் மட்டும் முறத்தளவு நீலத்தை விட்டுவைத்தார். தூண்களின் பொன்னும் வெள்ளைக்குள் போனது. மாதாவின் தலையில் இருந்ததுதான் மிச்சம்.

துணியை எடுத்தார். திரும்பிப் பார்க்கப் பயந்து, பிரஷ்ஷைக் கழுவப் போனார்.

மத்தியானம் லூர்தையா வந்தார். குறை தேடுகிற முகத்தோடுதான் வந்தார்.

கொடிமரத்தருகே நின்றார். தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். சிலுவை போட்டுக்கொண்டார். உதடு மட்டும் அசைந்தது. வெகுநேரம் அப்படியே நின்றார்.

அப்புறம் திரும்பி நடந்தார்.

கித்தேரியான் ஈரக்கையோடு பின்னால் ஓடினார்.

"அண்ணாச்சி, ஒண்ணும் சொல்லாமப் போறீங்களே. சப்பரம்?"

லூர்தையா நின்றார்.

"சப்பரமா? பார்க்க மறந்துட்டேன்பா. சாயங்காலம் தூக்கும்போது பார்த்துக்கிறேன்."

சொல்லிவிட்டு அவர் போனார்.