இடது பக்கத்து இன்ஜின்

கஸ்பார் சிஷ்யனாய்ப் போய்ச் சேர்ந்தபோது அவருக்கு மீசை முழுக்க நரைத்திருந்தது. ஆசானுக்கு அவருடைய மகள் வயசுதான் இருக்கும். பெயர் பிலோமி. தூத்துக்குடிக்கு வெளியே, உப்பளம் தாண்டி, தகரக் கொட்டகை போட்டுப் பந்தய வண்டி கட்டிக்கொண்டிருந்தாள். பொம்பளையைப் போய் ஆசான் என்று கூப்பிடலாமா என்று ஒருத்தன் கேட்டான். "ஏன், கூப்பிட்டா கார்புரேட்டர் கோவிச்சுக்குமோ?" என்றார் கஸ்பார்.

லாரியில் ஒரு இன்ஜினை ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். எட்டு சிலிண்டரும் ஒரே வரிசையாய் நிற்கிற நீள இன்ஜின். வெள்ளைக்காரன் காலத்து ரோந்துப் படகில் இருந்தது. பெட்ரோலைக் குடம் குடமாய்க் குடிக்கும். பிலோமி அந்த மாதிரி ஒன்றைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. சுற்றிச் சுற்றி வந்தாள்.

"இதை வெச்சு என்ன செய்யணும் அண்ணாச்சி?"

"டிராக்ஸ்டர் கட்டணும்."

டிராக்ஸ்டர் என்றால் பார்க்க ஏணியைப் படுக்கப் போட்ட மாதிரி இருக்கும். முன்னால் ஒல்லிச் சக்கரம் ரெண்டு, பின்னால் தடிச் சக்கரம் ரெண்டு. வளைந்து நெளிந்து போகவெல்லாம் அதற்குத் தெரியாது. கால் மைல் தூரம் நேராய்ச் சீறிவிட்டு நிற்பதுதான் அதன் பிழைப்பு. ஒரு நேரத்தில் ரெண்டே வண்டி, பக்கத்துப் பக்கத்தில் நின்று கிளம்பும்.

"கட்டி?"

"என் தம்பி மெல்கி அதைத்தான் ஓட்டுதான். பந்தயத்துல அவன் பக்கத்துல போய் நிக்கணும்."

"ஜெயிக்கவா?"

"நிக்க" என்றார் கஸ்பார்.

பிலோமி காரணம் கேட்பதற்குள் அவரே சொன்னார்.

அப்பா ஏலத்தில் எடுத்த படகு அது. வெளியே நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல்களுக்கு ஆளையும் சாமானையும் கொண்டு போகும். அதில் ஒரே மாதிரி ரெண்டு இன்ஜின். வலது மெல்கி பொறுப்பு, இடது கஸ்பார் பொறுப்பு. ரெண்டும் ஒரே வேகத்தில் சுற்றாவிட்டால் ஊம்... ஊம்... என்று ஒரு முனகல் கிளம்பும், படகே நடுங்கும். மெல்கி வலதை ஒரு வேகத்தில் நிறுத்துவான். கஸ்பார் கண்ணை மூடிக்கொண்டு, காதாலேயே இடதை அதோடு கொண்டுபோய்ச் சேர்ப்பார். முனகல் நீண்டு, இன்னும் நீண்டு, ஒரு கட்டத்தில் காணாமல் போய்விடும். அதற்கப்புறம் டம்ளரில் இருக்கிற டீகூட ஆடாது. படகு கண்ணில் படுவதற்கு முன்னாலேயே கரையில் நிற்கிறவர்கள் சொல்லிவிடுவார்கள்: "அண்ணனும் தம்பியும் வாரானுவ."

அப்பா போனதும் சண்டை வந்தது. என்ன பெரிய சண்டை? அண்ணன் தம்பிக்குள் வழக்கமாய் வருகிற சண்டைதான். ஆனால் கஸ்பார் துறைமுகத்தில் நாலு பேர் முன்னால் ஒரு வார்த்தை விட்டுவிட்டார். "போலே. நீ இல்லாட்டியும் என் இன்ஜின் ஓடும்."

மெல்கி அன்றைக்கே வலது இன்ஜினைக் கழற்றி எடுத்துக்கொண்டு ஊரை விட்டே போனான். அம்மா சாவுக்கு வந்தான், தள்ளி நின்றான், மண் போட்டான், போய்விட்டான். போன வருஷம் யாரோ போனில் ஒரு பந்தய வீடியோவைக் காட்டினார்கள். ஓட்டுகிறவன் முகம் ஹெல்மெட்டுக்குள்ளே. ஆனால் அந்த வலது இன்ஜின் சத்தம்! கேட்ட மாத்திரத்தில் கஸ்பார் எழுந்து நின்றுவிட்டார்.

"சரி, நாளைக்கு வாங்க" என்றாள் பிலோமி.

மழைக்காலம் பூராவும் வேலை நடந்தது. கஸ்பார் குழாய் அறுத்தார், ராவினார், பிடித்துக்கொடுத்தார், திட்டு வாங்கினார். வண்டி ஒருவழியாய் உருவானது. வெள்ளோட்டத்தன்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கியரைப் போட்டு மிதித்தார். வண்டி ஒரே பாய்ச்சலாய்ப் பின்னால் பாய்ந்து தண்ணீர் டிரம்மை நசுக்கிவிட்டு நின்றது.

கொட்டகையே உருண்டு சிரித்தது. கஸ்பார் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"இது இடது இன்ஜின்லா! எதிர்ப்பக்கம் சுத்தும். படகுல தண்ணியைத் தள்ளுற விசிறியும் எதிர்ப்பக்கம் வெட்டினது, அதனால வித்தியாசமே தெரியாது. எனக்கு உறைக்கலியே ஆசானே."

"எனக்கு அன்னைக்கே தெரியும்."

"பின்னே ஏன் சொல்லல?"

"ஒரு தடவை பின்னால போய்ப் பாத்துட்டு வரட்டும்னு விட்டேன்."

கஸ்பாருக்கு முகம் சுண்டிவிட்டது. "இப்ப இதைத் திருப்பிச் சுத்த வைக்கணும்னா உள்ள இருக்கிற அம்புட்டையும் மாத்தணுமே."

"அதை ஏன் தொடுதிய? அது பழகின பக்கமே சுத்தட்டும்."

பின் அச்சுப் பெட்டியை மட்டும் கழற்றி, தலைகீழாய்க் கவிழ்த்து மாட்டினாள். இன்ஜின் தன் போக்கில் சுற்றியது. வண்டி முன்னால் போனது.

வண்டி ஓடிவிட்டது, ஆனால் கஸ்பாருக்கு மனசு ஆறவில்லை. எந்நேரமும் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாய் கார்புரேட்டரைத் திருகிக்கொண்டே இருந்தார். கூட்டுவார், குறைப்பார், தலையை ஆட்டுவார்.

"இதுல என்னமோ ஒரு குறை இருக்கு ஆசானே. சத்தத்துல ஏதோ ஒண்ணு இல்ல. என்ன குறைன்னு கேட்டுச் சொல்லுங்க."

பிலோமி காது கொடுத்துக் கேட்டாள். பிறகு வெளியே போய், கொட்டகை லாரியைப் பின்னால் எடுத்து இன்ஜினுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள். ஆக்சிலேட்டரை ஒரே அளவில் அழுத்திப் பிடித்தாள்.

ரெண்டு சத்தமும் மோதிக்கொண்டன. கஸ்பாரின் கண் தானாய் மூடியது. கை தானாய்க் கார்புரேட்டர் கம்பிக்குப் போனது. வேகத்தை மயிரிழை கூட்டினார். இன்னும் ஒரு மயிரிழை. முனகல் நீண்டு கொண்டே வந்தது.

பிலோமி லாரியை அணைத்தாள்.

கஸ்பார் கண்ணைத் திறந்தார். கை இன்னும் கம்பியில் இருந்தது. அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது, துடைக்கவும் இல்லை.

"என்ன குறை?" என்று மறுபடி கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை பந்தயத்துக்குப் பேர் கொடுத்துட்டேன்."

"மெல்கி வருவானா ஆசானே?"

"அச்சுக்கு கிரீஸ் வைங்க" என்றாள் அவள்.

பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம். வெயில் மண்டையைப் பிளந்தது. கஸ்பார் சாப்பிடவில்லை. ஒவ்வொரு லாரி வரும்போதும் எட்டிப் பார்த்தார். மத்தியானத்துக்கு மேல் மெல்கி வந்தான். பாதித் தலை வழுக்கையாகிவிட்டது. அப்பா நடக்கிற மாதிரியே நடந்தான். அண்ணன் நிற்கிற பக்கம் மட்டும் அவன் கழுத்து திரும்பவே இல்லை.

பிலோமி யாரிடம் போய் என்ன பேசினாளோ, அடுத்த ஓட்டத்துக்கு அண்ணனும் தம்பியும் ஜோடி. மெல்கி வலது தடம். கஸ்பார் இடது தடம்.

கஸ்பார் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "அவன்ட்ட என்ன பேச? அன்னைக்குச் சொன்னது தப்புன்னு சொல்லவா? காதுல வாங்குவானா?"

"ஸ்டார்ட் பண்ணுங்க" என்றாள் பிலோமி.

ரெண்டு வண்டியும் கோட்டுக்கு வந்து நின்றன. மெல்கி வலதை உறும விட்டான். கஸ்பார் இடதை உறும விட்டார். ஓடுதளத்துக்கு மேலே ஊம்... ஊம்... என்று அந்த முனகல் எழுந்தது.

கஸ்பாரின் பாதம் ஒரு மயிரிழை அழுத்தியது. அதே நொடி மெல்கியும் ஒரு மயிரிழை தளர்த்தினான். முனகல் கூடியது. கஸ்பார் தளர்த்தினார். மெல்கி அழுத்தினான். மறுபடி கூடியது. குறுகலான சந்தில் எதிர் எதிரே வந்த ரெண்டு பேர் ஒதுங்குகிறேன் என்று ஒரே பக்கம் ஒதுங்கினால் எப்படி இருக்கும், அப்படி.

பிறகு கஸ்பார் காலை அசைக்காமல் அப்படியே வைத்துக்கொண்டார். இத்தனை காலத்தில் அவர் நிற்க, தம்பி வந்து சேர்ந்ததே கிடையாது.

வலது பக்கத்துச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாய் நெருங்கியது. முனகல் நீண்டது. இன்னும் நீண்டது. காணாமல் போனது.

மஞ்சள் விளக்கு விழுந்தது. பச்சை விழுந்தது.

ரெண்டு பேரும் கிளம்பவில்லை.

கூட்டம் எழுந்து நின்று கத்தியது. விளக்குப் போடுகிற ஆள் சுவிட்சுப் பெட்டியும் கையுமாய் ஓடிவந்து பிலோமியின் காதோரம் கூவினார். "என்ன தாயி இது? பச்சை விழுந்து எம்புட்டு நேரமாச்சு. ரெண்டு வண்டியும் நிக்குதே!"

கஸ்பாரின் கண் ஹெல்மெட்டுக்குள் மூடியிருந்தது. பக்கத்துத் தடத்தில் மெல்கியின் தலை, முதல் தடவையாய், இடது பக்கம் திரும்பியிருந்தது.

பிலோமி எட்டி, அவர் கையிலிருந்த பெட்டியில் விளக்கை அணைத்தாள்.

"எங்க நிக்குது? கரைக்கு வந்துக்கிட்டுல்லா இருக்கு" என்றாள்.