தொங்கும்போது முறுக்கிய போல்ட்

செண்பகத்தைக் குருவே என்று கூப்பிடுகிற ஒரே ஆள் தவமணிதான். குருவுக்கு நாற்பது வயது. சிஷ்யருக்கு ஐம்பத்தெட்டு. காலமெல்லாம் லாரி ஓட்டிவிட்டு, "ஓட்டுனது போதும், இனி ரிப்பேர் கத்துக்கிறேன்" என்று அந்தம்மா பட்டறையில் வந்து சேர்ந்தவர். நான் எதிர்த்த டீக்கடை. அங்கே பேசுவதெல்லாம் என் காதில் விழும். விழாவிட்டால் நானே போய்க் கேட்டுக்கொள்வேன்.

தவமணிக்குச் சொந்தமாக ஒரு பிக்கப் உண்டு. மலைத் தடத்தில் அடியில் கல் இடிக்கக்கூடாது என்று பெரிய டயரும் வளைவு கூடின ஸ்பிரிங் பட்டையும் போட்டு, வண்டியை அரைச் சாண் தூக்கி வைத்திருந்தார். பார்வைக்குக் கம்பீரம்தான். உட்கார்ந்தால்தான் தெரியும் லட்சணம். சின்னப் பள்ளத்துக்கே பின்பக்கம் ஆளைத் தூக்கிப் போடும். கிறீச் கிறீச்சென்று சத்தம் வேறு.

பின்பட்டையின் இரண்டு முனையிலும் ரப்பர் புஷ் ஒன்று இருக்கும். பட்டை அசையும்போது கூடவே அசைந்து கொடுப்பது அதுதான். இவர் வண்டியில் அது கிழிந்துகொண்டே இருந்தது. புதுசு போட்டார், கிழிந்தது. விலை கூடினதாகப் பார்த்துப் போட்டார், அதுவும் கிழிந்தது. "ரப்பரா விக்கிறானுங்க, களவாணிப் பயலுக" என்று திட்டுவார். எல்லாம் வீட்டு வாசலில் வைத்துத் தானே பார்த்த வேலை. சொந்த வண்டியில் குருவைக்கூடக் கைவைக்க விடமாட்டார். அப்படி ஒரு வீம்பு.

அன்றைக்கு வீட்டு ஜாக்கி மக்கர் பண்ணியதால் வண்டியைப் பட்டறைக்கே கொண்டுவந்துவிட்டார். அவசரம். மகள் பொற்கொடியை மலைமேல் மேலூத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. ஏழாம் மாசம். மறுநாள் வளைகாப்புப் போட்டுக் கீழே கூட்டிவர வேண்டும். குலுங்குகிற வண்டியில் பிள்ளைத்தாச்சியை எப்படி ஏற்றுவது?

பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரம் அந்தரத்தில் தொங்க, புது புஷ் போட்டு, ஸ்பேனரில் பைப்பைச் செருகிப் பல்லைக் கடித்து முறுக்கினார். கையோடு வாயும் ஓடியது.

"கூட்டிட்டு வந்தா வந்ததுதான் குருவே. திருப்பி அனுப்புறதா இல்ல."

பக்கத்து வண்டிக்கு கிரீஸ் வைத்துக்கொண்டிருந்த செண்பகம் தலையைத் தூக்கினார்.

"ஏண்ணே?"

"மாப்பிள்ளை ஒத்துக்கிட்டதுல ஒண்ணாவது செஞ்சானா? ஒரு வருசத்துல டவுனுக்குக் குடி வரணும்னேன். சரின்னான். ஏலத்தோட்ட வேலைய விட்டுட்டுக் கடை போடணும்னேன். சரின்னான். அவங்க ஆத்தாள அவன் தம்பி வீட்டுல விடணும்னேன். அதுக்கும் தலையாட்டுனான். இப்பக் கேட்டா, ஆத்தாளுக்குக் கண்ணு மங்கிப் போச்சு, எப்படி மாமா விட்டுட்டு வர்றதுங்கிறான்."

"பொற்கொடி என்ன சொல்லுது?"

"அவளா? அவன் பக்கந்தான் பேசுவா."

"அங்க நல்லா இருக்குல்ல?"

பைப்பை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் பதில் வந்தது.

"இருக்கா. முகம் தெளிச்சியாத்தான் இருக்கு."

"பெறகென்னண்ணே?"

"சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இருக்குல்ல? பெத்த மகள அந்தக் காட்டுல விட்டுட்டு எனக்குச் சோறு எறங்கல குருவே. நீங்களே சொல்லுங்க, நான் என்ன செய்யட்டும்?"

செண்பகம் கையைத் துடைத்துக்கொண்டு வந்து வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார். ஸ்பேனரை வாங்கி, அவர் முறுக்கிய போல்ட்டை எல்லாம் தளர்த்த ஆரம்பித்தார்.

தவமணி ஸ்பேனரைப் பிடிக்கப் போனார்.

"ஐயையோ, உசிரக் குடுத்து முறுக்குனது தாயி!" பதற்றத்தில் குரு தாயி ஆகிவிட்டார். "எல்லாத்தையும் கழட்டவா போறீங்க?"

"கழட்டலண்ணே. லூஸ்தான் பண்றேன்."

நட்டு கழன்று விழாத அளவுக்கு விட்டுவிட்டு, ஸ்டாண்டை எடுத்து வண்டியைத் தரையில் இறக்கினார். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்தார். பிறகு என் கடையைப் பார்த்து ஒரு சத்தம் போட்டார்.

"டீ குடிக்கிறவங்க எல்லாரும் வந்து இதுல ஏறுங்க!"

அந்தம்மா சொல்லி ஏறாமல் இருக்க முடியுமா? கிளாஸும் கையுமாக ஏறினார்கள். அடுப்பைத் தணித்துவிட்டு நானும் ஏறினேன். "குதிங்க" என்றார். குதித்தோம். பேரன் பேத்தி எடுத்தவர்களெல்லாம் வேட்டியில் டீயைக் கொட்டிக்கொண்டு குதித்தார்கள். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. பட்டை இரண்டு தரம் முனகிவிட்டுத் தன் இடத்தில் உட்கார்ந்தது.

"போதும், ஆடாம நில்லுங்க. அண்ணே, இப்ப அடியில போய் முறுக்குங்க."

தவமணி படுத்தபடியே உள்ளே நகர்ந்தார். அடியிலிருந்து குரல் வந்தது.

"தொங்கவிட்டு முறுக்குனா என்ன குருவே? போல்ட்டு அதே போல்ட்டுதான?"

"தொங்கும்போது பட்டைக்குப் பாரமே இல்ல. அப்ப எப்படி நிக்குதோ அப்படியே ரப்பரையும் சேத்துக் கட்டிப்புட்டீங்க. தரையில எறங்கிப் பாரம் ஏறுனா பட்டை வேற மாதிரி நிக்கும். அப்ப ரப்பர் என்ன செய்யும்?"

"கிழியும்."

"அந்த ரப்பரத்தான் இம்புட்டு நாளா வஞ்சுக்கிட்டு இருந்தீங்க."

அடியிலிருந்து அப்புறம் ஸ்பேனர் சத்தம் மட்டும் நிதானமாகக் கேட்டது.

வண்டியை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக் கல்தடத்தில் ஒரு சுற்றுப் போய்வந்தார். போனதும் தெரியவில்லை, வந்ததும் தெரியவில்லை. முகமெல்லாம் சிரிப்பு. என்னிடம் இரண்டு டீ வாங்கிப்போய்க் குருவிடம் ஒன்றை நீட்டினார்.

"வண்டி சரியாப் போச்சு. நான் கேட்டதுக்குத்தான் நீங்க பதில் சொல்லல."

"மாப்பிள்ளைகிட்ட அதெல்லாம் எப்ப ஒத்துக்க வச்சீங்க?"

"நிச்சயதார்த்தத்தன்னைக்கு. வேற எப்ப?"

செண்பகம் டீயை ஊதி ஒரு வாய் குடித்தார்.

"அன்னைக்குச் சக்கரம் எங்கண்ணே இருந்துச்சு?"

தவமணி திரும்பித் தன் வண்டியின் பின்சக்கரத்தைப் பார்த்தார். "அந்தரத்துல" என்றார். அவர் கையில் இருந்த டீ ஆறிப் போனது.

மறுநாள் சாயங்காலம் பிக்கப் வந்து பட்டறை முன்னால் நின்றது. முன்சீட்டில் கை நிறைய வளையலோடு பொற்கொடி. பக்கத்தில் ஒரு வயசான அம்மா. பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளை.

"சம்பந்தியம்மாவ நாளைக்குக் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போறேன்" என்றார் தவமணி, யாரும் கேட்காமலே. "பேறுகாலம் முடிஞ்சு மூணாம் மாசம் பொற்கொடிய நானே கொண்டுபோய் விட்டுருவேன். சொல்லிட்டேன்."

மாப்பிள்ளை குதித்து இறங்கித் தன் அம்மாவைக் கைத்தாங்கலாக இறக்கிவிட்டு, மறுபக்கம் ஓடிப் பொற்கொடிக்கும் கை கொடுத்தான். தவமணி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குருவிடம் மெதுவாகக் கேட்டார்.

"இன்னொரு தரம் முறுக்கிப் பாக்கணுமா குருவே?"

"இப்ப என்னண்ணே அவசரம்? பாரத்தோட கொஞ்ச நாள் ஓடட்டும்."